தமிழ் முகவரியோடு நான்கு ஆண்டுகள்

பாம்பனில் தங்கும் விடுதி தொடங்கவிருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "இணைய முகவரியை டாட் இன் என்று வாங்கட்டுமா, தமிழில் டாட் இந்தியா என்று வாங்கட்டுமா?" இரண்டையும் நான்கு ஆண்டுகளாக வைத்திருப்பவன் நான். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியை வெளியூர்களுக்கு அனுப்பும் சிறு கடை என்னுடையது.

டாட் இன் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2005 முதல் யார் வேண்டுமானாலும் அதில் நேரடியாகப் பெயர் பதியலாம், முந்துபவருக்கே பெயர். எந்தப் பெயர் யாருடையது என்ற பதிவேடு நிக்சி என்ற இந்தியத் தேசிய இணைய இணைப்பு அமைப்பிடம் இருக்கிறது. நமக்கு விற்பவர்கள் அதன் அங்கீகாரம் பெற்ற பதிவாளர்கள். ஓர் ஆண்டு முதல் பத்து ஆண்டுகள் வரை பணம் கட்டலாம். ஜிஓவி டாட் இன் அரசுக்கு, ஏசி டாட் இன் கல்வி நிறுவனங்களுக்கு என ஒதுக்கியிருக்கிறார்கள். கடைக்காரருக்கு அங்கே இடமில்லை. நான் வாங்கிய டாட் இன் ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை.

என் ஆசையும் கோபமும் தமிழ் முகவரி மேல்தான். அதன் பதிவேடும் நிக்சியிடமே இருக்கிறது. கடைப் பலகையில் அதை எழுதிய அன்று அப்பத்தா வாசலில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைப் பெயரை முடித்துவிட்டு, "புள்ளி, இந்தியா" என்றார். அதே பலகையில் மூன்று மாதமாக இருந்த ஆங்கில முகவரியை அவர் ஏறிட்டுப் பார்த்ததுகூட இல்லை. கருப்பட்டி கொண்டுவந்து தரும் பனையேறிகளும் அப்படித்தான் படித்தார்கள். அந்த ஒரு நாளுக்காகவே கொடுத்த பணம் தகும்.

ஆனால் அந்த முகவரியை நகலெடுத்து ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள். இணையத்தின் பெயர்க் கட்டமைப்பு ஆங்கில எழுத்து, எண், இணைப்புக் கோடு ஆகியவற்றைக் கொண்டே ஓடுவதால், தமிழ்ப் பெயர் உள்ளே வேறொரு குறியீடாக மாற்றப்படுகிறது. 'இந்தியா' என்ற நான்கெழுத்துச் சொல் எக்ஸ்என், இரண்டு கோடு, பிறகு எக்ஸ்கேசி2டிஎல்3ஏ5இஇ0எச் என்று 17 குறிகளாக நீள்கிறது. உலாவி அதைத் திரும்பத் தமிழாக்கிக் காட்ட வேண்டும், பெரும்பாலும் காட்டுகிறது. நகலெடுத்து ஒட்டும்போது பல நேரம் அந்தக் குறிகளே வந்து விழுகின்றன. மதுரை வாடிக்கையாளர் ஒருவர், "இது மோசடி இணைப்பா, அண்ணே?" என்று தொலைபேசியில் கேட்டார். நான்கு ஆண்டுகளில் என்னை மிகவும் வருத்திய கேள்வி அதுதான்.

போன வாரம் பார்சல் நிறுவனம் ஒன்றின் படிவத்தில் இணையதளம் என்ற கட்டத்தில் தமிழ் முகவரியை இட்டேன். 'சரியான முகவரியைத் தரவும்' என்று சிவப்பில் வந்தது. மூன்று முறை இட்டேன். மூன்று முறையும் அதுவே. என் சொந்த நாட்டின் பெயரில், முறையாகப் பணம் கட்டிப் பதிந்த முகவரி அது. இதில் பதிவேட்டின் மேல் குற்றம் சொல்ல முடியாது. முகவரிகள் எந்தெந்தச் சொல்லில் முடியலாம் என்று சொல்லும் இணையத்தின் மூலப் பட்டியலில் இந்தியாவின் தமிழ்ப் பெயர் 2011-லேயே ஏறிவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் டாட் இலங்கை என்பதும் தமிழிலேயே இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் ஒரு படிவத்துக்குத் தமிழ் எழுத்தை ஏற்கத் தெரியவில்லை என்றால், அதை எழுதியவர்கள் ஒருமுறைகூட ஒரு தமிழ் முகவரியை இட்டுப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: டாட் இன் மட்டும் வாங்குங்கள். விடுதிக்கு முன்பதிவு முக்கியம், எல்லாப் படிவமும் அதை ஏற்கும். தமிழ் முகவரிக்கு இப்போது பணம் போடாதீர்கள்.

என்னுடையதை நேற்று இன்னும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துவிட்டேன். உப்புக் காற்றில் பலகையின் வண்ணம் உரிந்துவிட்டதால் இன்று காலை ஓவியர் வந்திருந்தார். எந்த முகவரியைப் பெரிதாக எழுதுவது என்று கேட்டார். தமிழை மேலே, பெரிதாக எழுதச் சொன்னேன்.