50 மி.மீ. லென்ஸ், ஃபிளாஷ், முக்காலி: முதலில் எதற்குச் செலவு செய்யலாம்?

18-55 கிட் லென்ஸோடு வந்த கேமராவில் சில காலம் படம் எடுத்துப் பழகியவர்கள், மேற்கொண்டு கொஞ்சம் பணம் போடலாம் என்று நினைக்கும்போது பெரும்பாலும் மூன்று பொருள்களுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், கேமராவின் மேல் மாட்டும் தனி ஃபிளாஷ், முக்காலி ஆகியவையே அவை. (எஃப்-ஐ அடுத்து வரும் எண் சிறிதாக ஆக, லென்ஸில் ஒளி நுழையும் துளை பெரிதாகும்.) வெளிச்சம் குறைந்த இடத்தில் கைகொடுக்கும் என்றே மூன்றையும் பரிந்துரைப்பதால், ஏதாவது ஒன்றை வாங்கினால் மற்ற இரண்டின் வேலையும் முடிந்துவிடும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. அந்த எண்ணத்தோடு முக்காலியை வாங்கி, வீட்டுப் பிறந்தநாள் விழாவில் விரித்து வைத்தவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

படம் மங்கலாக வருவதற்குக் கை ஆடுவது, எதிரில் இருப்பவர் அசைவது, ஃபோகஸ் தவறுவது என மூன்று காரணங்கள் உண்டு. கெட்டுப்போன படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாலே எது காரணம் என்பது தெரிந்துவிடும். பின்னால் இருக்கும் சுவர்க் காலண்டர் உட்பட எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது கை. காலண்டரின் எழுத்து தெளிவாக இருந்து, குழந்தையின் கை மட்டும் கோடாக இழுபட்டிருந்தால் அசைந்தது குழந்தை. முகம் மங்கி, அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள வேறொரு பொருள் துல்லியமாக இருந்தால் பிழை ஃபோகஸில். முக்காலி இவற்றில் முதலாவதை மட்டுமே தீர்க்கும். எஃப்/1.8 லென்ஸ் முதல் இரண்டையும் குறைத்து, மூன்றாவதைக் கூட்டும். ஃபிளாஷ் மூன்றையுமே ஓரளவு கட்டுக்குள் வைக்கும் என்பதால், வீட்டுக்குள்ளும் விழாக்களிலும் மனிதர்களைப் படமெடுப்பவர் முதலில் வாங்க வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

சாதாரண எல்இடி விளக்கு எரியும் வரவேற்பறையை எடுத்துக்கொள்வோம். கிட் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அதன் துளை எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600 என்று வைத்தாலும் ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/30 நொடி அளவில்தான் நிற்கும். அமர்ந்து பேசுபவருக்கு அது போதலாம், ஓடும் குழந்தைக்குப் போதாது. அதே அறையில் எஃப்/1.8 துளை ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், ஐஎஸ்ஓவை மாற்றாமலே 1/320 நொடி கிடைத்துவிடுகிறது. இந்த ஒரு வசதிக்காகவே அந்த லென்ஸை எல்லோரும் புகழ்கிறார்கள், புகழில் தவறில்லை.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் (ஒளியைப் படமாக்கும் பகுதி) உள்ள கேமராவில், ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவரை எஃப்/1.8-இல் எடுத்தால், தெளிவாக இருக்கும் பகுதியின் ஆழம் ஆறு சென்டிமீட்டர் அளவுதான். முகத்தைச் சற்றுத் திருப்பினால் ஒரு கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் வரும். தனி உருவப்படத்துக்கு அது அழகு. பாட்டியும் பேரனும் முன்பின்னாக அமர்ந்திருக்கும் படத்தில் அதுவே குறை. துளையைச் சுருக்கி எஃப்/4-க்குக் கொண்டுவந்தால் ஆழம் கூடும், ஆனால் எதற்காக லென்ஸ் வாங்கினோமோ அந்த ஒளியில் பெரும்பங்கு போய்விடும். அந்தச் சிறிய சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ், முழு அளவு சென்சாரில் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் காட்டுவது போல நெருக்கமாகக் காட்டுவதால், சிறிய அறையில் முதுகு சுவரில் முட்டும் வரை பின்வாங்கியும் நான்கு பேரை அடக்க முடியாது. அங்கே 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸே பொருந்தும். மேலும், கேனனின் 50 எஃப்/1.8 எஸ்டிஎம் போன்றவற்றில் அதிர்வைத் தணிக்கும் அமைப்பு இல்லை. பல கிட் லென்ஸ்களில் உண்டு. ஆகவே அசையாத பொருளைக் கையில் பிடித்து எடுக்கும்போது இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி எண்கள் காட்டும் அளவுக்கு இருப்பதில்லை. நிக்கான் டி3500, டி5600 போன்றவற்றை வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அவற்றுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது என்பதால், பழைய 50 எஃப்/1.8டி லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று குறித்த 1.8ஜி வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஃபிளாஷ் என்றதும் பலர் முகம் சுளிப்பதற்குக் காரணம், கேமராவோடு ஒட்டி வரும் குட்டி ஃபிளாஷ். அது லென்ஸுக்குச் சற்று மேலிருந்து நேராக அடிப்பதால் நெற்றி பளபளக்கிறது, பின்சுவரில் கரிய நிழல் விழுகிறது. தனி ஃபிளாஷின் தலையை மேலே திருப்பி, வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பி வரும்படி அடித்தால், கூரை முழுவதுமே ஒரு பெரிய விளக்காக மாறிவிடுகிறது. ஒளி மென்மையாகப் பரவும், நிழல் கழுத்துக்குக் கீழே மெல்லியதாக ஒதுங்கும். எஃப்/5.6, 1/160 நொடி, ஐஎஸ்ஓ 800 என்று வைத்துத் தொடங்கி, ஃபிளாஷின் வலிமையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தால், பழைய கிட் லென்ஸிலேயே முன்வரிசையும் பின்வரிசையும் தெளிவாக விழும். குறைந்த வலிமையில் அதன் ஒளிர்வு ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவு என்பதால் அசைவும் உறைந்துவிடும். கூரை பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் முகத்திலும் அந்த நிறம் ஏறும். ஓட்டு வீட்டிலும் உயரமான மண்டபத்திலும் திரும்பி வர ஒளியே மிஞ்சாது. திறந்த வெளியில் இந்த உத்திக்கு இடமே இல்லை. உறங்கும் கைக்குழந்தை, தெருக் காட்சி, ஃபிளாஷுக்குத் தடையுள்ள அருங்காட்சியகம் ஆகிய இடங்களில் லென்ஸே வெல்லும். வாங்கும் முன் பார்க்க வேண்டிய ஒன்று: கேனன் 200டி II போன்ற சில கேமராக்களின் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில், ஃபிளாஷை எரியச் சொல்லும் நடு மின்முனை கிடையாது; அந்த ஒரு முனையை மட்டும் நம்பியிருக்கும் மலிவான ஃபிளாஷ்கள் அவற்றில் எரியவே எரியாது.

முக்காலியின் களம் தனி. அருவியைப் பட்டுத்துணி போலக் காட்ட அரை நொடி முதல் இரண்டு நொடி வரை ஷட்டர் திறந்திருக்க வேண்டும்; இரவு நகரக் காட்சியை ஐஎஸ்ஓ 100-இல் எடுக்க அதற்கும் மேலாகலாம். இதை மற்ற இரண்டாலும் செய்ய முடியாது. பொத்தானை அழுத்தும் விரலே கேமராவை ஆட்டிவிடும் என்பதால், இரண்டு நொடி டைமரை வைத்து எடுப்பது நல்லது. நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை நீட்டினால் இன்னும் உறுதியாக நிற்கும். பல்லவர் கோயில்களைப் பொறுமையாக எடுக்க எண்ணி வாங்குவோருக்கு ஒரு சொல்: இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலியைப் பயன்படுத்த முன் அனுமதி வேண்டும். லென்ஸும் ஃபிளாஷும் கேமரா நிறுவனத்தை மாற்றும்போது பெரும்பாலும் உதவாமல் போகும், முக்காலியோ எந்தக் கேமராவுக்கும் பொருந்தும். ஆகையால் மெலிந்த கால்களுடைய மலிவான ஒன்றை அவசரத்தில் வாங்குவதைவிட, மூன்றில் இதைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, காற்றில் ஆடாத ஒன்றாகப் பிறகு வாங்கலாம்.