வீட்டில் கார் சார்ஜர் மாட்டப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத்தில் வீடுகளுக்கு மின்சாரக் கார் சார்ஜர் மாட்டித் தருவதாக ஒருவர் வேலை எடுத்து வருகிறார். புகார் விசாரணைக்குப் போயிருப்பதால் அவர் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அவர் செய்துவிட்டுப் போன வேலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே ஓடியிருந்தால் வீடு எரிந்திருக்கும்.

எங்களுடையது தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்கள் வாங்கிய பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. நாலு விளக்கு, இரண்டு காற்றாடி, ஒரு டிவி என்று கணக்குப் பண்ணிப் போட்ட வயரிங். இப்போது அதே டிபி பெட்டியில், அதாவது வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற பிரேக்கர் பெட்டியில், இரண்டு ஏர்கோனும் ஒரு வாட்டர் ஹீட்டரும் ஓடுகின்றன. அதோடு 7 கிலோவாட் சார்ஜர் சேர்ந்தால், அது ஒன்றே 32 ஆம்பியர் இழுக்கும். அதுவும் தண்ணீர் கொதித்ததும் நின்றுவிடும் கெட்டில் மாதிரி இல்லை, காலி பேட்டரி என்றால் இரவு முழுக்க விடாமல் இழுக்கும். அதனால் ஒழுங்கான வயர்மேன் வந்ததும் முதலில் மெயின் சுவிட்ச் எத்தனை ஆம்பியர், வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்றுதான் கேட்பார்.

இவர் எதையும் கேட்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர் சொல்லி வந்தவர், நன்றாகப் பேசினார். சார்ஜரோடு சேர்த்து 3,200 வெள்ளி, பாதி முன்பணம். "படிவம் எதுவும் போட வேண்டாமா தம்பி?" என்று அப்பா கேட்டார். "சின்ன வேலைக்கு அதெல்லாம் தேவையில்லை அங்கிள், டிஎன்பி பக்கம் நான் பார்த்துக்கிறேன்" என்று மின்சாரக் கம்பெனியைச் சொன்னார். அரை நாளில் வேலை முடிந்தது. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்ததைக் காட்டி மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் சமையலறைப் பக்கம் ராத்திரியில் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வர ஆரம்பித்தது. அம்மாதான் முதலில் சொன்னார். டிபி பெட்டியின் மூடியைத் தொட்டால் சூடு. சார்ஜர் மாட்டியவருக்குப் போன் செய்தால், "புது வயர் அப்படித்தான் வாடை அடிக்கும், போகப் போகச் சரியாகும்" என்றார். அடுத்த போனுக்குப் பதில் இல்லை, அப்புறம் எண்ணையே தடுத்துவிட்டார்.

ஈப்போவிலிருந்து பதிவு பெற்ற மின்சாரக் குத்தகையாளர் ஒருவரின் வயர்மேனை வரவழைத்தோம். அவர் திறந்து காட்டியதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் கம்பி. சார்ஜர் மாட்டியவர் சுவர் பிளக்குக்குப் போடுகிற 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைச் சார்ஜருக்கு இழுத்திருக்கிறார். 32 ஆம்பியருக்குக் குறைந்தது 6 வேண்டும், தூரம் அதிகமானால் 10. எங்கள் டிபி பெட்டி சமையலறையில் இருக்கிறது, போர்ச் வரை 20 மீட்டர், போக வர 40. கணக்குப் போட்டுப் பார்த்தால், காரை மாட்டிய நேரமெல்லாம் அந்த மெல்லிய கம்பியில் மட்டும் 300 வாட் சூடாகிக்கொண்டிருந்திருக்கிறது. இதெல்லாம் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில், பழைய பலகைக்குப் பக்கத்தில். இந்தக் கம்பிக்கு 20 ஆம்பியர் பிரேக்கர் போட்டிருந்தால் அது விழுந்து மின்சாரத்தை வெட்டி எச்சரித்திருக்கும். இவர் 40 ஆம்பியர் பிரேக்கரைப் போட்டு அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார். கம்பியின் தோல் இளகிப் போயிருந்தது.

அடுத்தது ஆர்சிடி, அதாவது கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டுகிற பாதுகாப்பு. சார்ஜரை அதன் வழியாகக் கொண்டுவராமல் மெயின் சுவிட்சிலிருந்து நேராக எடுத்திருந்தார். கார் சார்ஜருக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி வேண்டும். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி (நேர் மின்னோட்டம்) கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் ஏ வகை போதும், இல்லாவிட்டால் பி வகை போட வேண்டும். பழைய வீடுகளில் இருக்கிற சாதாரண ஏசி வகை ஆர்சிடி டிசி கசிவு வந்தால் வேலை செய்யாமல் போகலாம்.

மூன்றாவதைப் பார்த்ததும் வயர்மேன் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நம் வீடுகளுக்கு எர்த் என்பது வாசலில் மண்ணில் அடித்த கம்பிதான். எங்களுடையது துருப்பிடித்துப் போய், அளந்தால் 100 ஓமுக்கு மேல் காட்டியது. எர்த் சரியில்லை என்றால் நல்ல சார்ஜர் சிவப்பு விளக்குப் போட்டு நின்றுவிடும். உயிரைக் காப்பாற்றத்தான் நிற்கிறது. சார்ஜர் மாட்டியவர் எர்த்தைச் சரி செய்யவில்லை. சார்ஜரைத் திறந்து, மின்சாரம் திரும்பிப் போகிற நியூட்ரல் வயரையும் எர்த்தையும் ஒரு சின்ன வயரால் இணைத்துவிட்டார். சார்ஜர் ஏமாந்து பச்சை காட்டியது. எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும், வெட்ட ஆர்சிடியும் கிடையாது. மழை ஈரத்தில் வெறுங்காலோடு கார் கதவைத் தொடுகிற பிள்ளைகள் இருக்கிற வீடு இது. ஏமாற்று என்று சொன்னால் போதாது, இது கொலைக்குச் சமம்.

வயர்மேன் அண்ணன் புது எர்த் கம்பி அடித்து 10 ஓமுக்குக் கீழே கொண்டுவந்தார், 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் இழுத்தார், ஏ வகை ஆர்சிடி போட்டார். வேலை முடிந்ததும் கேட்காமலே போராங் ஜி, போராங் எச் இரண்டையும் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஜி மேற்பார்வைக்கும் வேலை நிறைவுக்கும், எச் சோதனைக்கும். 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளில் உள்ள படிவங்கள் இவை. சின்ன வேலைக்குத் தேவையில்லை என்று சொல்கிறவரிடம் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். மின்சாரத் துறையைக் கண்காணிக்கிற சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்த குத்தகையாளரா என்று கேட்டு, பதிவைப் பார்த்த பிறகு மட்டும் பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓட்டம், 9 அல்லது 10 யூனிட் போதும். தனி வயர் இழுத்த மூன்று முள் பிளக்கில், 10 ஆம்பியருக்குக் குறைத்து வைத்துப் போட்டால் நாலைந்து மணி நேரத்தில் ஏறிவிடும். எக்ஸ்டென்ஷன் வயர் மட்டும் கூடவே கூடாது. பெரிய சார்ஜர் இல்லாமல் மின்சாரக் காரே வைத்திருக்க முடியாது என்று அந்தச் சார்ஜர் மாட்டியவர் வீடு வீடாகச் சொல்லி வருவது உண்மை இல்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, கருகிய கம்பியின் படம் எல்லாம் வைத்திருக்கிறோம். நீங்களும் எதையும் அழித்துவிடாதீர்கள்.

இந்தப் பக்கத்தில் அரை நாளில், படிவம் இல்லாமல் உங்கள் வீட்டில் யாராவது சார்ஜர் மாட்டிக் கொடுத்திருந்தால், இன்று இரவு காரை அதில் மாட்ட வேண்டாம். அதன் பிரேக்கரை இறக்கிவிட்டு, பதிவு பெற்ற ஒருவரைக் கூப்பிட்டு, சார்ஜரைத் திறந்து அந்தச் சின்ன வயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.