டெர்மினல் அப்ளிகேஷனை பிரவுசருக்கு மாற்ற எந்த வழி தேவலை?

பழைய டெர்மினல் அப்ளிகேஷனை (எழுத்துத் திரையும் கீபோர்டும் மட்டும் வைத்து ஓடும் ப்ரோகிராமை) பிரவுசரில் ஓட்டணும் என்றதும் எல்லோரும் தோற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, அது எந்த டெர்மினலுக்கு எழுதியது என்பதை. ஐபிஎம் 3270, 5250 வகையில் என்டரோ ஃபங்ஷன் கீயோ அழுத்தும்போதுதான் நிரப்பியது மொத்தமாக சர்வருக்குப் போகும், கிட்டத்தட்ட வெப் ஃபாரம் மாதிரி. 1978இல் வந்த விடி100 வகையில் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் உடனே போகும். அதை ஃபாரமாக்குவது பெரும்பாடு.

விடி100 வகை என்றால் பிரவுசருக்குள்ளேயே எமுலேட்டர், அதாவது பழைய டெர்மினல் மாதிரியே நடந்துகொள்ளும் மென்பொருள், வைப்பதுதான் சுலபம். அதற்கு எக்ஸ்டெர்ம்.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி இருக்கிறது, கோடு எழுதும் எடிட்டரான விஎஸ் கோடின் டெர்மினலே அதில்தான் ஓடுகிறது. ப்ரோகிராமில் ஒரு வரிகூட மாற வேண்டாம். தொல்லை கீபோர்டில்தான்: எஃப்5, எஃப்12 இரண்டையும் ஜாவாஸ்கிரிப்டில் பிடித்துவிடலாம், டேபை மூடும் கன்ட்ரோல்+டபிள்யூவை மட்டும் சாதாரண டேபில் குரோம் விட்டுத் தராது.

அடுத்தது, திரையை அப்படியே படித்து ஹெச்டிஎம்எல் ஆக்கித் தரும் கருவிகள். டெமோவில் அசத்தும், அதனாலேயே எனக்குச் சந்தேகம். 6ஆம் வரியில் 20ஆம் இடத்தில் வாடிக்கையாளர் எண் இருக்கும் என்று எழுதி வைத்திருப்போம். யாராவது அந்த ஃபீல்டை இரண்டு இடம் தள்ளினால் போச்சு. பேக் பட்டனை அழுத்தினால் பிரவுசர் பின்னால் போகும், சர்வர் நின்ற திரையிலேயே நிற்கும். யாராவது டேபை மூடிவிட்டுப் போனால் அவர் திறந்த ரெக்கார்டு டைம்அவுட் ஆகும்வரை பூட்டியே கிடக்கலாம். இதைவிட மோசம், வேகமாக டைப் செய்கிறவர்கள் அடுத்த திரை வருவதற்குள்ளேயே அதற்கானதையும் தட்டிவிடுவார்கள். பல டெர்மினல்கள் அதை வாங்கி வைத்துக்கொள்ளும், லோடு ஆகிக்கொண்டிருக்கும் வெப் பேஜ் விழுங்கிவிடும்.

மூன்றாவது, உள்ளே இருக்கும் லாஜிக்கை ஏபிஐ (வேறு ப்ரோகிராம்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் வழி) ஆக்கி, புது முகப்பு எழுதுவது. திரை வேலையும் கணக்கு வேலையும் தனித்தனியாக எழுதிய கோபோல் (COBOL) என்ற பழைய மொழி ப்ரோகிராம் என்றால் நல்லபடியாக வரும், இரண்டும் ஒரே பத்தியில் பின்னிக் கிடந்தால் பிரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். முழுசாகத் திரும்ப எழுதுவதைப் பற்றி நான் பேசவே போவதில்லை, பாதி விதிகள் அந்தக் கோடில் மட்டும்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால், நாள் முழுக்க டேட்டா என்ட்ரி செய்பவர்களுக்கு எமுலேட்டர் போதும், எப்போதாவது வந்து பார்ப்பவர்களுக்குத் தேவையான நாலைந்து வேலைகளை மட்டும் ஏபிஐ ஆக்குங்கள். நடுவில் சொன்ன திரை படிக்கும் கருவி, அந்த ஏபிஐ தயாராகும்வரை ஒப்பேற்ற.