மூன்றாம் முறை பார்த்தபோது: 'பிரேக்கிங் பேட்' தொடரும் எதிர்நாயகன் ஈர்ப்பும்

2008 முதல் 2013 வரை ஐந்து பருவங்களாக ஒளிபரப்பான 'பிரேக்கிங் பேட்' தொடரின் 62 பகுதிகளையும் கடந்த எட்டு ஆண்டுகளில் மூன்று முறை முழுமையாகப் பார்த்திருக்கிறேன். நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளான வால்டர் என்ற வேதியியல் ஆசிரியர், குடும்பத்துக்காக என்று சொல்லிக்கொண்டு போதைப்பொருள் தயாரிக்கத் தொடங்கும் கதை அது. இப்படித் தவறான வழியில் செல்லும் கதைத்தலைவனையே எதிர்நாயகன் என்கிறோம். நானும் பினாங்கில் அறிவியல் கற்பிப்பவள் என்பதால், முதல் பகுதி முடிவதற்குள்ளேயே அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

வால்டர் மறைப்பது அவருடைய மனைவி ஸ்கைலருக்குத் தெரியாது, போதைப்பொருள் தடுப்பு அதிகாரியான சகலைக்கும் தெரியாது, நமக்குத் தெரியும். ஒருவருடைய இரகசியத்தைச் சுமக்கத் தொடங்கியதும் அவர் அகப்பட்டுவிடக் கூடாதே என்று நம் மனமும் பதறுகிறது. "சித்தி, இவர் மாட்டிக்குவாரா?" என்று அக்காள் மகன் கேட்டபோது எனக்கும் அதே அச்சம்தான் இருந்தது.

இதற்கு மாறாக, ஜப்பானியர் ஆட்சியைப் பினாங்கில் அனுபவித்த என் பாட்டிக்கு, எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் பாடலே இல்லாமல் வெளிவந்த 'அந்த நாள்' படத்தில் ஜப்பானியருக்கு உளவு சொல்லும் சிவாஜி கணேசன் மீது கடைசிவரை இரக்கம் பிறக்கவில்லை. பாட்டி பட்ட துன்பம் அதற்கு முதற்காரணம். ஆனால் கதை சொன்ன முறைக்கும் அதில் பங்குண்டு என்று இப்போது நினைக்கிறேன். அவர் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறார். மற்றவர்கள் சொல்லித்தான் அவரை அறிகிறோம்; அவருடைய இரகசியத்தை நாம் சுமப்பதில்லை.

இரண்டாம் பருவத்தில், தம்மை மிரட்டிப் பணம் கேட்ட, கூட்டாளியின் காதலி ஜேன் வாந்தி அடைத்து மூச்சுத் திணறும்போது, அவளைக் காப்பாற்றும் தொலைவில் இருந்தும் வால்டர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். முதல் முறை பார்த்தபோது, அவருக்கு வந்த ஆபத்து நீங்கியது என்று எனக்கு நிம்மதி உண்டானது. இரண்டாம் முறை அந்த நிம்மதியை எண்ணி வெட்கப்பட்டேன். கணவரின் பொய்களைத் துருவிக் கேட்கும் ஸ்கைலர் மீதும் எனக்கு எரிச்சல் இருந்தது. அந்தப் பாத்திரத்தின் மீது ரசிகர்கள் கொட்டிய வெறுப்பைப் பற்றி அதில் நடித்த அன்னா கன் 2013இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதியதைப் படித்த பிறகே, மூன்றாம் முறை அவருடைய முகத்தைக் கவனித்துப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் தமக்காகவே செய்ததாக இறுதிப் பகுதியில் வால்டர் ஸ்கைலரிடம்தான் ஒப்புக்கொள்கிறார். அந்த வாக்குமூலத்துக்காகவே, இடையில் சில பகுதிகள் மெதுவாக நகர்ந்தாலும், தொடரைப் பாதியில் நிறுத்தாமல் பார்க்கும்படி பரிந்துரைக்கிறேன்.