கொரில்லா பெர்மிட் என்று பிடிஎஃப் வந்தால் நம்பிவிடாதீர்கள்: 1,600 டாலர் போச்சு

உகாண்டாவின் பிவிண்டி தேசியப் பூங்காவுக்கு மலைக் கொரில்லா பார்க்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். இரண்டு பேருக்கான பெர்மிட் பணம் 1,600 டாலரை ஒரு சஃபாரி ஏஜென்சி சுருட்டிவிட்டது. பயண முன்பதிவுத் தளம் ஒன்றில் ஐந்து நட்சத்திரமும் பக்கம் பக்கமாகப் பாராட்டும் வைத்திருக்கும் ஏஜென்சி அது.

இந்த பெர்மிட்டை வழங்குவது உகாண்டா வனவிலங்கு ஆணையம் மட்டுமே. 2024 ஜூலையிலிருந்து வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு ஆளுக்கு 800 டாலர். ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க நாளொன்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் அனுமதி. ஜூன் முதல் செப்டம்பர் வரையான இடங்கள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். அந்தப் பதற்றத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

"ஆகஸ்டில் இரண்டே இடம் இருக்கிறது, இன்றே பணம் வந்தால் பிடித்துவிடலாம்" என்றார்கள். வண்டிக்கும் லாட்ஜுக்கும் முன்பணம் போதும், பெர்மிட்டுக்கு மட்டும் முழுத் தொகை வேண்டும் என்றார்கள். நேர்மையான ஏஜென்சிகளும் அப்படித்தான் கேட்கும், அதனால் சந்தேகமே வராது. அடுத்த நாளே பிடிஎஃப் வந்தது. மேலே கொரில்லா படம், பெயர்கள், பாஸ்போர்ட் எண்கள், தேதி, புஹோமா செக்டர் (பூங்காவில் கொரில்லா பார்க்கக் கிளம்பும் பகுதிகளில் ஒன்று), கீழே நீல முத்திரை. அதைப் பார்க்கிற யாரும் பெர்மிட் கைக்கு வந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அது ஏஜென்சியே அடித்துக்கொண்ட வவுச்சர். ஆணையத்துக்குப் பணம் கட்டியதற்கான ரசீது எண் அதில் எங்கேயும் கிடையாது.

புஹோமாவில் காலை விளக்கக் கூட்டத்துக்கு முன் ரேஞ்சர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பட்டியலில் விரலை ஓட்டினார். மேலிருந்து கீழே ஒரு முறை, மறுபடி ஒரு முறை. பெயர் இல்லை. ஏஜென்சிக்குப் போன் செய்தால், "பட்டியல் பழையது, இப்போது சரியாகிவிடும்." மற்றவர்கள் எல்லாம் காட்டுக்குள் போன பிறகு, "உங்கள் பெர்மிட் ருஷாகா செக்டருக்கு மாறியிருக்கிறது, அங்கே போங்கள்." ருஷாகா காட்டின் தெற்குப் பக்கம். மலைப்பாதையில் சுற்றிப் போய்ச் சேரவே பல மணி நேரம் ஆகும், அங்கேயும் குழுக்கள் காலையிலேயே கிளம்பிவிடும். இது தெரிந்தேதான் சொன்னார்கள்! சாயங்காலம், மேலாளர் மீட்டிங்கில் இருக்கிறார். ஊர் திரும்பியதும், "14 வேலை நாளில் பணம் வரும்." பிறகு, 1,600 டாலரை அடுத்த வருட டூரில் கழித்துக்கொள்ளலாமாம். இப்போது வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். முன்பதிவுத் தளமோ, "நாங்கள் அறிமுகம் மட்டுமே செய்கிறோம்" என்று கைகழுவிவிட்டது. வங்கி வழியாகப் போன பணத்தை, பெற்றவர் சம்மதம் இல்லாமல் திருப்ப முடியாது என்கிறது வங்கி.

விரிவாக எழுத வேண்டும், இப்போதைக்கு அவசரமாக இவை மட்டும்.

பிடிஎஃப் வந்த அன்றே பாஸ்போர்ட் எண், தேதி, செக்டர் மூன்றையும் எழுதி, கம்பாலாவில் உள்ள ஆணையத்தின் முன்பதிவுப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி உறுதி கேளுங்கள். அந்தப் பதில் வரும்வரை மீதிப் பணம் எதுவும் தராதீர்கள்.

சீசனில் 700 டாலருக்கு வாங்கித் தருகிறேன் என்றால் விலகிவிடுங்கள். அது உகாண்டாவில் வசிக்கும் வெளிநாட்டவருக்கான கட்டணம், சுற்றுலா விசாவில் போகிறவருக்குச் செல்லாது.

பெர்மிட்டில் உள்ள செக்டரிலேயே லாட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். புஹோமாவில் படுத்து எழுந்து ருஷாகாவில் காலைக் கூட்டத்தைப் பிடிக்க முடியாது. 15 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு பெர்மிட் கிடைக்கும் என்று எவன் சொன்னாலும் அது பொய்.

உகாண்டா டூர் ஆபரேட்டர்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் ஏஜென்சியின் பெயரைத் தேடுங்கள். முடிந்தவரை கிரெடிட் கார்டில் கட்டுங்கள், தகராறு என்றால் வங்கி மூலம் திரும்பக் கேட்க அதில்தான் வழி இருக்கிறது. தனிநபர் கணக்குக்கோ, செல்போன் எண்ணுக்குப் பணம் போகும் 'மொபைல் மணி'க்கோ அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.