699 ரூபாய்க்கு 10,000 லூமென்: டார்ச் வாங்கி ஏமாந்த கதை

வெள்ளியங்கிரி ஏறுவதற்கென்று டார்ச் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன மார்ச்சில் நானும் மைத்துனரும் கிளம்பினோம். வனத்துறை பிப்ரவரி முதல் மே வரைதான் மலைக்கு விடுகிறது. வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் பூண்டி அடிவாரத்திலிருந்து இரவில்தான் ஏறுவார்கள். மூங்கில் தடியை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், வெளிச்சத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும். இணையக் கடை ஒன்றில் உள்ளங்கைக்குள் அடங்கும் டார்ச் ஒன்று கண்ணில் பட்டது. 10,000 லூமென் (வெளிச்சத்தின் அளவு), 9,900 எம்ஏஎச் பேட்டரி (அது தேக்கும் மின்சாரத்தின் அளவு), எட்டு மணி நேரம் எரியும், தண்ணீர் புகாது, விலை 699 ரூபாய். மொட்டை மாடியில் நின்று அடித்துப் பார்த்தேன். இரண்டு தெரு தள்ளியிருந்த தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று தெரிந்தது. இரண்டு நிமிட வெளிச்சத்தைப் பார்த்து எட்டு மணி நேரத்தை நம்பினேன், அது என் தவறுதான்.

இரவு பத்தரைக்கு முதல் மலையின் படிகளில் கால் வைத்தோம். டார்ச் ஒரேயடியாக அணைந்திருந்தால்கூட உடனே தெரிந்திருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது, கண்ணும் அதற்கு ஏற்பப் பழகிக்கொண்டே வந்தது. பதினொன்றேகால் இருக்கும், அடுத்த படி எது, அதன் நிழல் எது என்று பிரிக்க முடியாமல் தடியால் தட்டித் தட்டி நடந்துகொண்டிருந்தேன். விசையை அழுத்தினால் இன்னும் மங்கலான நிலை, மறுபடி அழுத்தினால் வெட்டி வெட்டி மின்னும் வெளிச்சம், அதற்கடுத்து ஆபத்துச் சமிக்ஞை, அதையும் தாண்டினால்தான் பழைய நிலை. அந்த மின்னல் எதிரே இறங்கி வந்த ஒருவர் முகத்தில் அடித்தது. திட்டிக்கொண்டே போனார், நியாயமான திட்டு.

எங்களுக்கு வழி காட்டியது ஒரு பெரியவரின் இரண்டு கட்டை டார்ச். தகர உடம்பு, மஞ்சள் வெளிச்சம். “என் பின்னாலேயே வாருங்கள் தம்பி” என்றார், அவ்வளவுதான். வழியில் பவர் பேங்கில் சொருகி என்னுடையதற்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தேன். மேலே பனி இறங்கியதும் அதுவும் வீண். முன்பகுதியை இழுத்து ஒளியைக் குவிக்கும் வகை அது, இழுக்கும் இடுக்கு வழியாக ஈரம் புகுந்து கண்ணாடி உள்பக்கம் வியர்த்துவிட்டது.

ஊர் திரும்பியதும் டார்ச்சின் பேட்டரி செல்லை உருவி, நகைக்கடை வைத்திருக்கும் நண்பரின் தராசில் வைத்தேன். 24 கிராம். 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள இந்த வகை லித்தியம் செல், ஒழுங்கானதாக இருந்தால் 45 கிராமையொட்டி நிற்கும். பேட்டரி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். கையுறை போட்டுக்கொண்டு மேலுறையைப் பிரித்தார். உள்ளே விரல் பருமனில் ஒரு குட்டி செல், சுற்றிலும் மாவுபோல வெள்ளைப் பொடி. “இது வாரத்துக்கு ஒன்று வருகிறது சார்” என்று சிரித்தார். (வீட்டில் யாரும் பிரித்துப் பார்க்காதீர்கள், லித்தியம் செல் தீப்பற்றும்.)

இந்த அளவு செல்லில் நல்ல தயாரிப்புகளே சாதாரணமாக 3,500 எம்ஏஎச் வரைதான் தருகின்றன. 9,900 என்று அச்சடித்திருந்தால் மேலே படிக்கவே வேண்டாம். லூமென் கணக்கும் இப்படித்தான். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு ஏறத்தாழ 900 லூமென் தரும். 10,000 லூமென் என்றால் அப்படிப் பதினோரு பல்பை என் உள்ளங்கையில் பிடித்திருக்க வேண்டும். தோல் வெந்திருக்கும்! வாங்கும் முன்பே இந்தப் பெருக்கலைப் போட்டிருக்கலாம், போடவில்லை.

நடக்க 100 லூமென் தாராளம், வழி தவறினால் தூரம் பார்க்க 300 இருந்தால் போதும். கூடாரத்துக்குள் ஐந்து, பத்து லூமெனே கண்ணை உறுத்தாது. ஆகவே மங்கலான நிலை இருக்கிறதா, அதிலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். அட்டைப்பெட்டியில் எஃப்எல்-1 என்ற தரக் குறியீடு இருந்தால் லூமென், தூரம், எரியும் நேரம் எல்லாம் ஒரே முறையில் அளந்தவை. அதிலும் ஒரு நெளிவு உண்டு: வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரத்தைத்தான் ‘எரியும் நேரம்’ என்கிறார்கள். நேரம் போகப் போக வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்று வரைபடம் போட்டிருக்கும் தயாரிப்பாக வாங்குங்கள். ‘தண்ணீர் புகாது’ என்ற வாசகத்துக்கு மதிப்பில்லை, ஐபிஎக்ஸ்-7 என்றிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். செல்லின் மேல் ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள், என்னுடையதில் இல்லை. பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் பைக்குள் தானாக எரியாமல் நிற்கும் வகை இன்னும் நல்லது. வாங்கிய அன்று இரவே முழு சார்ஜில் எரியவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள். நான் பத்தாவது நாள்தான் விழித்தேன், கெடு ஏழு நாள்.

விற்றவருக்கு மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த நான்காம் நாள் அவரே அழைத்தார். கடைப் பக்கத்தில் நான் எழுதியிருந்த ஒற்றை நட்சத்திரக் கருத்தை நீக்கினால் 200 ரூபாய் தருவாராம். மாட்டேன் என்றேன். முழுப் பணத்துக்கான புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அந்த டார்ச்சோ அதே படத்தோடு வேறு பெயரில் விற்பனையில் இருக்கிறது, இப்போது 12,000 எம்ஏஎச்.