ஆர்க்கைவ் ஆன கேச்: தேடலாமா, லாக் போடலாமா, பெட்டியை எடுக்கலாமா?

ஒருவர் ‘கேச்’ எனும் பெட்டியை ஒளித்து வைத்து இணையதளத்தில் இடத்தைப் போட, மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு ஜியோகேச்சிங். அதில் கொஞ்ச காலம் ஊறிய யாருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும்: ஆர்க்கைவ் ஆகிவிட்ட, அதாவது தளத்தின் பட்டியலிலிருந்து மூடப்பட்ட கேச்சைப் போய்க் கண்டுபிடித்தால், ‘ஃபவுண்ட்’ (கண்டுபிடித்தேன்) என்று தளத்தில் லாக், அதாவது பதிவு, போடலாமா? போடலாம். பெட்டி கிடைத்து, உள்ளே இருக்கிற லாக்புக்கில் உங்கள் பெயரை எழுதியிருந்தால் தளம் தடுக்காது. எண்ணிக்கையில் ஒன்று கூடும், கண்டுபிடித்ததற்கு அடையாளமான ஸ்மைலியும் வரும். தளத்தில் அந்தக் கேச்சுக்கான பக்கத்தையே பூட்டி வைத்திருந்தால் மட்டும் முடியாது. பல வருடமாக விளையாடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், லாக் போடுவது இதில் சின்ன விஷயம். அங்கே போகலாமா, போனால் அந்தப் பெட்டியை என்ன செய்வது என்பதுதான் பெரிய விஷயம்.

இந்த விளையாட்டின் முதல் கேச்சே ஆர்க்கைவ் ஆனதுதான். 2000 மே 2-ஆம் தேதி அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நிறுத்தியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் பக்கத்தில் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்து, இடத்தின் ஆயத்தொலைவுகளை இணையத்தில் போட்டார். சில நாட்களிலேயே ஆட்கள் தேடிப் போய்க் கண்டுபிடித்தார்கள். அந்த வாளி இப்போது இல்லை; இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது, அதற்கென்று தனி கேச்சும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், நில உரிமையாளரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டி எதையும் புதைக்கக் கூடாது என்பது இன்றைய விதி. அந்த முதல் வாளியை இன்று யாராவது சமர்ப்பித்தால் புது கேச்சுகளைச் சரிபார்த்து வெளியிடும் ரிவ்யூவர் முதல் வேலையாக அந்த அனுமதியைத்தான் கேட்பார்.

நான் இருப்பது சியாட்டில் பக்கம். மழை, பாசி, விழுந்து கிடக்கும் பெரிய சிடார் மரங்கள். பெட்டியை ஒளித்து வைக்க இதைவிட நல்ல ஊர் இல்லை, பெட்டி கெட்டுப்போகவும் இதைவிட நல்ல ஊர் இல்லை. இரண்டு குளிர்காலம் கவனிக்காமல் விட்டால் மூடி சரியாக மூடாத டப்பாவுக்குள் லாக்புக் கஞ்சியாகிவிடும். அதனால் இங்கே ஆர்க்கைவ் ஆவதற்குப் பஞ்சமே இல்லை.

ஆர்க்கைவ் ஆவது எப்படி என்று தெரிந்தால்தான் மரியாதை விஷயம் புரியும். கேச்சைத் தேடி வருகிறவர்கள் ‘பெட்டி உடைந்திருக்கிறது’, ‘காணவில்லை’ என்று லாக் போடுவார்கள். வைத்தவர் கண்டுகொள்ளாவிட்டால், அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வ ரிவ்யூவர் அதைத் தற்காலிகமாக முடக்கி, சில வாரம் அவகாசம் கொடுப்பார். அப்போதும் அசைவு இல்லையென்றால் ஆர்க்கைவ். இது ஒரு வகை. வைத்தவரே ஊரை விட்டுப் போகும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு மூடிவிடுவது இன்னொரு வகை. மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது: நில உரிமையாளரோ பூங்கா நிர்வாகமோ ஆட்சேபித்ததால் மூடப்பட்டது.

மூன்றும் தளப் பக்கத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் கடைசி லாகில் இருக்கிறது. நான் கிளம்புவதற்கு முன்னால் அந்த ஒரு லாகைப் படிக்காமல் போவதில்லை. ‘பெட்டியை எடுத்துவிட்டேன்’ என்று இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம். ‘உரிமையாளர் வரவேண்டாம் என்கிறார்’ என்று இருந்தால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. பெட்டி அங்கேயே இருப்பது உறுதியாகத் தெரிந்தாலும் சரி, ஸ்மைலி எவ்வளவு அரிதானதாக இருந்தாலும் சரி. அங்கே நாலு பேர் தொடர்ந்து போய் நின்றால், அந்த உரிமையாளர் அடுத்த முறை யாருக்குமே அனுமதி தரமாட்டார். ரிவ்யூவர் கவனிப்பாரில்லாமல் மூடிய கேச் என்றால் மட்டும்தான் தேடிப் போவதில் தப்பில்லை என்பேன். பெரும்பாலும் பெட்டி அங்கேதான் கிடக்கும்.

தெரியாமல் போய்ச் சேருகிறவர்களும் உண்டு. கார்மின் ஜிபிஎஸ் கருவியில் கேச் விவரக் கோப்புகளை ஏற்றி வைத்துக்கொண்டு அலையும் பழைய ஆட்களுக்கு இது சகஜம். தளத்திலிருந்து கேச் விவரங்களை மொத்தமாக இறக்கித் தரும் தினசரி பாக்கெட் குவெரியில் ஆர்க்கைவ் ஆன கேச் வராது. ஆனால் ‘இது ஆர்க்கைவ் ஆகிவிட்டது’ என்று சொல்லிவிட்டும் போகாது, சத்தமில்லாமல் காணாமல் போகும். போன வருடம் ஏற்றிய கோப்பு அப்படியே கருவியில் இருந்தால் அது உயிரோடு இருப்பதாகவே காட்டும். கேச் விவரங்களைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் ஜிசாக் மென்பொருள் வைத்திருப்பவர்கள் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதியை வைத்துப் பழையதை வடிகட்டிவிடுவார்கள். கைப்பேசிச் செயலி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, வரைபடத்திலேயே வராது.

ஆனால் அவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. ஆர்க்கைவ் ஆனதும் அந்த இடம் காலியானதாகக் கணக்கு. இரண்டு பெட்டிகளுக்கு இடையே 161 மீட்டர் இருக்க வேண்டும் என்ற விதி செத்த கேச்சுக்குப் பொருந்தாது. அதனால் பழைய பெட்டிக்குப் பக்கத்திலேயே வேறொருவர் புதிதாக வைத்துவிடலாம். இசக்வா பக்கம் டைகர் மவுண்டன் காட்டுக்கு, புதிதாக விளையாட வந்த ஒரு தம்பியோடு போயிருந்தேன். ஃபெர்ன் செடிகளை விலக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணா, கிடைச்சிடுச்சு!” என்றான். கையில் பச்சை நிற அம்மோ கேன், ராணுவத்தில் தோட்டா வைக்கும் இரும்புப் பெட்டி. நாங்கள் தேடிய புது கேச்சின் தளப் பக்கத்தில் இருந்த குறிப்போ ‘சிறிய பிளாஸ்டிக் டப்பா’ என்றது. திறந்தால் ஜிப்லாக் பைக்குள் லாக்புக், பெயர்கள் வரிசையாக இருந்தன. கடைசிப் பெயர் புது கேச் வெளியான தேதிக்கு ரொம்ப முந்தியது. மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதியிருந்த ஜிசி எண்ணை, அதாவது கேச்சின் அடையாள எண்ணைச் செயலியில் தட்டியதும், கோடு போட்டு அடித்த தலைப்போடு பழைய பக்கம் வந்தது. ரிவ்யூவர் மூடியது. புது டப்பா கொஞ்சம் தள்ளி ஒரு மரப்பொந்துக்குள் இருந்தது.

“இதையும் அதையும் ரெண்டு ஃபவுண்டா போட்டுக்கலாமா?” என்று கேட்டான். இரண்டிலும் பெயர் எழுதியாயிற்று, தாராளமாகப் போடலாம். “அப்போ இந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போயிடலாமா?” என்றது அடுத்த கேள்வி. அதுதான் சிக்கல்.

பட்டியலிலிருந்து போய்விட்டால் பெட்டி ஊர்ச்சொத்து ஆகிவிடாது. தளம் வெறும் பட்டியல்தான் போடுகிறது, பெட்டி, வைத்தவருடையது. ஓப்பன்கேச்சிங் மாதிரி வேறு தளங்களும் இருக்கின்றன, ஒரே பெட்டி அங்கேயும் பட்டியலில் இருக்கலாம். இங்கே செத்தது என்று நாம் எடுத்துக்கொண்டு வந்தால், அங்கே உயிரோடு இருக்கும் கேச்சைத் திருடியதாக ஆகிவிடும். மறுபுறம், ‘கைவிட்ட பெட்டி குப்பைதான், எடுத்துவிடு’ என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் ஒரு காபிக்கடை வாசலில் இருந்த கேச் பெட்டியை வெடிகுண்டு என்று சந்தேகித்து, நிபுணர்கள் வந்து வெடிக்க வைத்தார்கள். பட்டியலில் இருக்கிற கேச் என்றால் யாராவது வரைபடத்தைப் பார்த்து ‘அட, இது விளையாட்டுப் பெட்டி’ என்று சொல்ல வாய்ப்பாவது உண்டு. ஆர்க்கைவ் ஆனதற்கு அதுவும் கிடையாது.

என் வழக்கம் இது: உடைந்து தண்ணீர் புகுந்து, உள்ளே சேறு மட்டும் என்றால் அது குப்பை, பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன், படம் எடுத்து லாகில் சொல்லியும் விடுவேன். நல்ல நிலையில் இருந்தால் தொடமாட்டேன். முதலில் வைத்தவருக்குச் செய்தி. பல வருடமாகத் தளத்தை எட்டிப் பார்க்காதவராக இருந்தாலும், பழைய கேச்சில் லாக் விழுந்தால் அவருக்கு மின்னஞ்சல் போகும். அந்த அம்மோ கேனுக்கு அப்படித்தான் எழுதினேன். சில வாரம் கழித்துப் பதில் வந்தது: வேறு மாநிலத்துக்குக் குடிபோய்விட்டார், பெட்டி இன்னும் இருக்கிறது என்பதே அவருக்கு ஆச்சரியம், ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்றார். லாக்புக்கை மட்டும் தபாலில் கேட்டார், அனுப்பினேன்.

உள்ளே டிராவல் பக், அதாவது கேச்சுக்குக் கேச்சு பயணிக்கும் எண் போட்ட சிறு தகடு, இருந்தால் யோசிக்கவே வேண்டாம், எடுத்து அடுத்த கேச்சுக்கு நகர்த்துங்கள். அது பெட்டிக்காரர் பொருள் இல்லை, எங்கேயோ இருக்கும் வேறொருவர் ஊர்சுற்ற அனுப்பியது. செத்த பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால் யாரும் வந்து மீட்கப்போவதில்லை.

எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கம் உண்டு, ‘த்ரோடவுன்’. தேடி வந்தவருக்குப் பெட்டி கிடைக்காது. பையிலிருந்து ஒரு ஃபிலிம் டப்பாவை எடுத்துப் போட்டு, அதில் தானே பெயர் எழுதி, ‘ஃபவுண்ட்’ என்று போட்டுவிடுவார். இதன் பின்னால் ஜாஸ்மர் என்ற சவால் இருக்கிறது: 2000 மே தொடங்கி ஒவ்வொரு மாதமும் வைக்கப்பட்ட கேச்சில் ஒன்றையாவது கண்டுபிடிக்க வேண்டும். முதல் வருடத்து மாதங்களில் வைத்தவை உலகம் முழுக்கவே கொஞ்சம்தான் மிச்சம். கான்சாஸ் மாநிலத்து மிங்கோ, 2000 மே 11-இல் வைத்தது, அதைத் தேடி ஆட்கள் விமானம் ஏறிப் போகிறார்கள். அப்படி ஒன்று ஆர்க்கைவ் ஆனால் வருகிற வயிற்றெரிச்சல் எனக்கும் புரிகிறது. அதற்காக, பெட்டியே இல்லாத இடத்தில் புது டப்பாவைப் போட்டு, ‘இன்னும் இருக்கிறது’ என்று லாக் மேல் லாக் போட்டு ரிவ்யூவரை ஏய்ப்பது என்ன நியாயம்? அந்த டப்பாவும் நாளைக்கு யாரும் பொறுப்பேற்காத இன்னொரு குப்பை.

பெட்டியே இல்லாத விர்ச்சுவல் கேச்சில் இன்னும் மோசம். அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து, வைத்தவர் கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும்; வைத்தவர் போய்விட்டால் அந்தப் பதிலைச் சரிபார்க்க ஆள் இல்லை, சோபாவில் உட்கார்ந்தபடியே லாக் போடுகிறார்கள். அதனால்தான் சிலவற்றைப் பூட்டியே விடுகிறார்கள். சரியான முடிவு.

ஆர்க்கைவ் ஆனதில் லாக் போடுவதாக இருந்தால் ‘டிஎஃப்டிசி’ (‘கேச்சுக்கு நன்றி’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று நாலு எழுத்தோடு நிறுத்தாதீர்கள். பெட்டி இருக்கிறதா, எந்த நிலையில், எடுத்தீர்களா விட்டீர்களா, இந்த மூன்றையும் எழுதுங்கள். அடுத்து அந்த இடத்தில் புது கேச் வைக்க நினைப்பவருக்கு அதுதான் உதவும். கேச் வைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூடும்போது ‘நன்றி, போய் வருகிறேன்’ என்று உருக்கமாக எழுதுவதெல்லாம் இருக்கட்டும், பெட்டியை எடுத்தீர்களா இல்லையா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எடுக்கவில்லையென்றால் எடுக்கலாம் என்று அனுமதியும் சேர்த்து எழுதிவிட்டால், கண்டுபிடிக்கிறவர் உங்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.